கழற்றியதைப் பூட்டத் தெரிந்த ஜி.டி. நாயுடு

பாடாங் செராயில் நான் வேலை செய்யும் பட்டறைக்குக் கூலிம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி பயிற்சிக்கு வந்தான். எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி இல்லை. இனித் தன்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று அவனே முடிவு கட்டியிருந்தான். ஆனால் கையில் ஸ்பேனர் கிடைத்தால் எந்த இயந்திரத்தையும் மளமளவென்று கழற்றிப்போடுவான். அவனுக்கு ஒரு மதிய வேளையில் நான் சொன்ன வாழ்க்கைக் கதைதான் இது.

கோயம்புத்தூருக்கு அருகில் உள்ள கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ஆம் நாள் பிறந்தவர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. படிப்பைப் பாதியில் விட்டார். ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஊருக்குள் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் அவரை ஆட்டிவைத்துவிட்டது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டி! அதை வாங்கியே தீர்வது என்று கோயம்புத்தூருக்குப் போய் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை செய்தார். காசு சேர்த்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றினாரா? இல்லை. அக்கக்காகப் பிரித்தார். பிறகு திரும்பப் பூட்டினார்.

இந்த இடத்தில் தம்பி சிரித்தான், கழற்றுவதுதான் தனக்கும் தெரியுமே என்று. அவன் முன்னால் மேசையில் ஒரு சிலிண்டர் ஹெட் இருந்தது. வால்வு சீட்டை அரைத்து முடித்து, ஸ்பிரிங்குகளை அப்படியே மாட்டப் போனவனை நிறுத்தித்தான் கதையையே ஆரம்பித்திருந்தேன்.

சீட்டை அரைத்தால் வால்வு ஹெட்டுக்குள் சற்று உள்வாங்கும். அதன் தண்டு மறுபக்கம் அந்த அளவு மேலே ஏறும். தண்டோடு ரிட்டெய்னரும் ஏறுவதால் ஸ்பிரிங் உட்காரும் உயரம் கூடிவிடும். மூடிய நிலையில் 25 கிலோ அழுத்தம் தரவேண்டிய ஸ்பிரிங், மில்லிமீட்டருக்கு 3 கிலோ விறைப்புடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே 22 கிலோதான் தரும். வேகம் கூடும்போது வால்வு நேரத்துக்கு மூடாது. அதற்குத்தான் ஒவ்வொரு வால்வையும் தனித்தனியாக அளந்து, கூடிய அளவுக்கு ஸ்பிரிங்குக்கு அடியில் ஷிம் வைக்கிறோம். அளவுக்கு மீறி ஷிம் வைத்தாலும் கேடுதான். வால்வு முழுதாகத் திறக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இளமையில் நான் அளக்காமல் பூட்டிய ஒரு லாரி, பாலிங் மேட்டில் ஏற முடியாமல் திரும்பி வந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நாயுடுவுக்கு மோட்டார் சைக்கிள் ஒரு தொடக்கம்தான். 1920-இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார், ஓட்டுநரும் அவரே. அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற நிறுவனமாகி, இருநூறுக்கும் மேற்பட்ட பேருந்துகளாகப் பெருகியது. அத்தனை வண்டிகளும் நேரத்துக்கு ஓடவேண்டுமானால் அவற்றைச் சரியாகப் பூட்டத் தெரிந்த கைகள் எத்தனை வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் தயாரித்தார். மின்கலத்தில் இயங்கும் ரசாந்த் சவரக்கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி என்று அவர் கைவைக்காத பொருள் குறைவு. 1952-இல் இரண்டு பேர் செல்லும் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். தயாரிப்பதற்கு அரசின் அனுமதி கிடைக்காததால் அது சாலைக்கு வரவே இல்லை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

மாணவர்களே, உங்களைத் தொடும் பகுதி இன்னொன்று. பள்ளியை முடிக்காத இந்த மனிதர்தான் 1945-இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமைய வழிசெய்து, அதன் முதல்வராகவும் இருந்தார். பொறியியலுக்கு நான்கு ஆண்டு எதற்கு, பட்டறையில் கைபட்டுக் கற்றால் இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை; பதவியை விட்டு விலகினார். இரண்டு ஆண்டு போதுமா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. கைபடாத படிப்பு அரைப்படிப்பு என்பதில் மட்டும் ஐயமே இல்லை.

1974 ஜனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார்.

கதை முடிந்ததும் தம்பி ஒன்றும் பேசவில்லை. வெர்னியர் காலிப்பரை எடுத்தான். எட்டு வால்வுகளையும் அளந்து, ஒவ்வொன்றின் எண்ணையும் அட்டையில் எழுதினான். மூன்றாவது வால்வு 0.8 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. ஷிம் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டான்.