எம்.ஆர்.ராதா: எம்.ஜி.ஆரைச் சுட்ட அந்த மாலையில் இருவரும் உயிர் தப்பியது எப்படி?

'ரத்தக்கண்ணீர்' மீம் பார்க்காத தமிழ் ஸ்மார்ட்போன் இருக்க முடியாது. கரகரத்த அந்தக் குரல், ஏற்றி இறக்கிப் பேசும் நக்கல், எல்லாம் எம்.ஆர்.ராதாவுடையது. அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருகிற இன்னொரு விஷயம், அவர் எம்.ஜி.ஆரைச் சுட்டார் என்பது. மிக அருகில் இருந்து சுட்டும் எம்.ஜி.ஆர். எப்படிப் பிழைத்தார்? தன்னையே சுட்டுக்கொண்ட ராதா எப்படிப் பிழைத்தார்? இதற்கான பதில் அந்தத் தோட்டாக்களில் இருக்கிறது. அதற்கு முன், ராதா யார் என்று பார்த்துவிடலாம்.

சிந்தாதிரிப்பேட்டைப் பையன்

1907 ஏப்ரல் 14-ல் சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர். முழுப்பெயர் மெட்ராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன். அதன் சுருக்கம்தான் எம்.ஆர்.ராதா. ராணுவத்தில் இருந்த அப்பா முதல் உலகப் போரில் இறந்துபோனார். சின்ன வயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பிய ராதா, பாய்ஸ் நாடக கம்பெனியில் சேர்ந்தார். படிப்பு, வேலை, சாப்பாடு எல்லாமே அவருக்கு மேடைதான்.

1937-லேயே சினிமாவில் தலைகாட்டினாலும் அவருடைய கோட்டை நாடகம்தான். திருவாரூர் கே.தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பிய பணக்காரன், ஆட்டம் போட்டு, தொழுநோய் வந்து, எல்லாம் இழந்து, கடைசியில் தன் மனைவிக்கு இன்னொரு வாழ்க்கை அமைத்துக்கொடுக்கிற கதை. 1954-ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாக வந்தது. வில்லத்தனமும் நகைச்சுவையும் கலந்த அந்த நடிப்புக்கு இன்றுவரை வாரிசு இல்லை.

பெரியாரின் தீவிரத் தொண்டர். புராணங்களைக் கிண்டலடித்த அவரது நாடகங்களுக்குத் தடை, வழக்கு, கைது எல்லாம் வந்தன. 1954-ல் மாகாண அரசு கொண்டுவந்த நாடகச் சட்டமே அவரை மனதில் வைத்துத்தான் என்று அப்போது பேசப்பட்டது. ஒரு நடிகருக்காக ஒரு சட்டம் என்று பேச்சு வந்ததென்றால், அவர் மேடையின் வீச்சு எவ்வளவு இருந்திருக்கும் என்று பாருங்கள்!

1967 ஜனவரி 12: என்ன நடந்தது?

எம்.ஜி.ஆரும் ராதாவும் சேர்ந்து பல படங்களில் நடித்தவர்கள். 1966 கடைசியில் வந்த 'பெற்றால்தான் பிள்ளையா' படத்தின் தயாரிப்பாளர் கே.கே.வாசு. அவரோடுதான் அன்று மாலை ராதா, எம்.ஜி.ஆரின் ராமாவரம் தோட்டத்து வீட்டுக்குப் போனார். அடுத்த படம் பற்றிய பேச்சு என்று தொடங்கிய சந்திப்பு, துப்பாக்கிச் சத்தத்தில் முடிந்தது.

எம்.ஜி.ஆருக்கு இடது காதருகே குண்டு பாய்ந்து கழுத்தில் தங்கியது. ராதாவுக்கும் குண்டுக் காயம். இருவரும் முதலில் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும், பிறகு சென்ட்ரல் எதிரே உள்ள பொது மருத்துவமனைக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். சென்னை முழுக்கப் பதற்றம். எம்.ஜி.ஆரின் 50-வது பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்தே நாள் இருந்தது. ராதாவுக்கு வயது 59.

தேர்தல் நேரம் வேறு. எம்.ஜி.ஆர். தி.மு.க.வின் பரங்கிமலை வேட்பாளர். அந்தத் தேர்தலில் பெரியார் ஆதரித்தது காமராஜரின் காங்கிரஸை. ராதாவும் அந்தப் பக்கம்தான். கழுத்தில் கட்டுடன் இருந்த எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் போனது. படுக்கையில் இருந்தபடியே அவர் ஜெயித்தார். தி.மு.க. முதல்முறையாக ஆட்சியைப் பிடித்தது.

தோட்டா என்ன சொன்னது?

வழக்கின் மையக் கேள்வி, சுட்டது யார் என்பது. அறைக்குள் நடந்த சம்பவம். இரண்டு தரப்பும் வேறு வேறு கதை சொன்னது. இந்த மாதிரி நேரத்தில்தான் தடயவியல் உள்ளே வருகிறது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். தோட்டாவும் குண்டும் ஒன்றல்ல. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பற்ற வைக்கும் மருந்து, உள்ளே வெடிமருந்து, வாயில் இறுக்கிச் செருகிய ஈயக் குண்டு என நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. சுட்டதும் வெளியே பாய்வது குண்டு மட்டும்.

எந்தத் தோட்டாவைச் சேர்ந்தது என்று தெரியாத ஒரு குண்டு கிடைத்தால் நிபுணர்கள் அதன் எடை, விட்டம், நீளம், அடிப்பாகத்தின் வடிவம், வெறும் ஈயமா அல்லது மேலே உலோக உறை உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அதிலிருந்து அது எந்த வகைத் துப்பாக்கிக்கானது என்று தெரிந்துவிடும். அடுத்தது கீறல்கள். துப்பாக்கிக் குழலுக்குள் சுருள் சுருளாக வரிகள் வெட்டியிருப்பார்கள். அவை எத்தனை, எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பது குண்டின் மேல் அப்படியே பதியும். சந்தேகத்துக்குரிய துப்பாக்கியில் இன்னொரு குண்டைச் சுட்டு, இரண்டையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரே ரகத் துப்பாக்கி இரண்டு இருந்தாலும் நுண்ணிய கீறல்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

சென்னைக்கு இது புதிதல்ல. ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் இங்கே 1849-லேயே தொடங்கப்பட்டது. இன்று மெரினா பக்கம், மயிலாப்பூர் காமராஜர் சாலையில் இருக்கிற தடயவியல் துறை அந்த வேரிலிருந்து வந்ததுதான்.

பழைய தோட்டா காப்பாற்றிய உயிர்கள்

சரி, இருவரும் பிழைத்தது எப்படி? இந்த வழக்கைப் பற்றிச் சொல்லப்படும் தடயவியல் விளக்கம் ரொம்ப எளிமையானது. ராதாவின் தோட்டாக்கள் பல வருடங்களுக்கு முன் வாங்கியவை. ஒரு டப்பாவில் போட்டு மேசை டிராயருக்குள் கிடந்தவை. டிராயரை இழுக்கும்போதும் மூடும்போதும் அவை உருண்டு ஒன்றோடொன்று உரசியதில் ஈயம் தேய்ந்து, பித்தளை வாயில் குண்டின் பிடி தளர்ந்துவிட்டது.

பிடி தளர்ந்தால் என்ன? வெடிமருந்து எரியும்போது, குண்டு ஒரு கணம் இறுக்கமாக நின்று தடுத்தால்தான் உள்ளே அழுத்தம் முழுசாக ஏறும். முன்னாடியே நழுவிவிட்டால் அழுத்தம் போதாது, வேகம் குறையும். பிரஷர் குக்கரில் வெயிட் சரியாக உட்காரவில்லை என்றால் ஆவி வீணாகிப் போகுமே, அதுபோலத்தான். தோட்டாவை மறுபடி நிரப்புகிறவர்கள் இந்தப் பிடிப்பில் அவ்வளவு கவனமாக இருப்பதும் இதனால்தான். ராமாவரத்தில் அந்தக் குறையே இரண்டு உயிர்களுக்கு அதிர்ஷ்டமாகிவிட்டது.

பிறகு?

செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் 1967 நவம்பரில் ராதாவுக்கு ஏழு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது; 1971-ல் வெளியே வந்தார். மறுபடி நாடகம், 'சமையல்காரன்' மாதிரி சில படங்கள். நெருக்கடி நிலையின்போது மிசாவில் மீண்டும் சிறை. 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் காலமானார். அது பெரியாரின் பிறந்தநாள். அப்போது முதலமைச்சர், எம்.ஜி.ஆர்.

எம்.ஜி.ஆரின் குரல் அந்தக் குண்டுக்குப் பிறகு மாறிப்போனது. அந்தக் குரலிலேயே நடித்தார், கட்சி தொடங்கினார், மூன்று முறை ஆட்சியைப் பிடித்தார். தி.நகர் ஆற்காடு தெருவில் நினைவு இல்லமாக இருக்கும் அவருடைய வீட்டுக்கு இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

ராதா வாழ்ந்தது 72 ஆண்டுகள். மேடையில் நின்றது அரை நூற்றாண்டுக்கு மேல். அதில் ஒரே ஒரு மாலை மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த முறை அவர் மீம் கண்ணில் பட்டால் அதோடு விட்டுவிடாமல் 'ரத்தக்கண்ணீர்' முழுசாக ஒரு தடவை பாருங்கள். அரசாங்கம் ஏன் அந்த மேடையைப் பார்த்து யோசித்தது என்று புரியும்.