மண்ணின் வண்ணம் கண்ட ஜாமினி ராய்

வங்காளத்தின் பாங்குரா மாவட்டம் சுடுமண் குதிரைகளுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள பெலியாதோர் என்னும் சிற்றூரில் 1887ஆம் ஆண்டு ஜாமினி ராய் பிறந்தார். 16ஆம் வயதில் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து, ஐரோப்பிய முறையில் எண்ணெய் வண்ணம் தீட்டக் கற்றார். மனிதர்களின் உருவங்களை உள்ளது உள்ளபடியே வரைந்து பொருள் ஈட்டினார். எனினும், அவர் மனம் நிறைவடையவில்லை.

1920களில் அவ்வழியைத் துறந்து புதுவழி தேடினார். வருவாய் குறைந்தது; வறுமை வாட்டியது. ஆயினும் அவர் தளரவில்லை. காளிகாட் கோயிலருகே விற்கப்பட்ட பட ஓவியங்களையும் சிற்றூர்க் கைவினைகளையும் தமக்கு ஆசானாகக் கொண்டார். கடை வண்ணங்களை விடுத்து, வண்ணங்களைத் தாமே செய்து பார்த்தார். விளக்குக் கரியிலிருந்து கருமையும், சுண்ணக்கட்டியிலிருந்து வெண்மையும், அவுரியிலிருந்து நீலமும் கிடைத்தன. நாம் வேண்டாமென எறியும் புளியங்கொட்டை, அவ்வண்ணங்களை ஒட்டவைக்கும் பசையாயிற்று. துணி, மரப்பலகை, பாய் எனப் பலவற்றிலும் தீட்டிப் பார்த்தார். தடித்த கோடுகளும் அகன்ற நீள்விழிகளும் அவர்தம் ஓவியங்களின் அடையாளங்களாயின.

லண்டனிலும் நியூயார்க்கிலும் அவருடைய ஓவியக் கண்காட்சிகள் நடைபெற்றன. 1954இல் பத்ம பூஷண் விருது பெற்றார். புகழ் வளர்ந்த பின்னரும், எளியோர் வீட்டுச் சுவரையும் தம் ஓவியம் அணிசெய்ய வேண்டும் என விரும்பிக் குறைந்த விலைக்கே விற்றார். 1972இல் மறைந்தார். அன்று சிறுவிலைக்குக் கிடைத்த அவ்வோவியங்களை இன்று நாட்டின் கலைக் கருவூலங்களாக இந்திய அரசு காத்து வருகிறது.