திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக நகரம் உண்டு. அங்கே மிதந்துகொண்டிருக்கும் பழைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்று நம் நாட்டுத் திருகோணமலையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைக் கட்டியவர் ஆங்கிலேயர் என்று நினைத்துவிடாதீர்கள். பம்பாயின் பார்சித் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்பவரே அவர்.

1754இல் பிறந்த ஜம்ஷெட்ஜிக்குக் கப்பல் கட்டுவது குலத்தொழில். அவருடைய பாட்டனார் லவ்ஜி 1736இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு அழைக்கப்பட்டவர். தலைமைத் தச்சரின் பேரன் என்பதற்காக ஜம்ஷெட்ஜிக்குச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. சாதாரணக் கூலித் தச்சராகவே உளி பிடித்துத் தொழில் பழகினார். 1792இல், தம் உறவினர் பிராம்ஜியுடன் சேர்ந்து, கப்பற்றளத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

அக்காலத்தில் நெப்போலியனோடு நடந்த போர்களினால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. மலபார்த் தேக்கோ தாராளமாகக் கிடைத்தது. ஓக் மரத்தின் புளிப்புத்தன்மை இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் ஆணியைக் காக்கும். ஆனால் பெரிய போர்க்கப்பலை இந்தியத் தச்சரை நம்பி ஒப்படைக்கலாமா?

அதற்கு மறுமொழி சொல்லியது அவருடைய வேலைதான். 1805இல் அவர் கட்டிய 'சல்செட்' என்ற கப்பல், 1808-09 குளிர்காலத்தில் பால்டிக் கடலின் பனிக்கட்டியில் சிக்கியும் உடையாமல் மீண்டது. 1810இல் 74 பீரங்கிகள் கொண்ட 'மிண்டன்' நீரில் இறங்கியது. 1813இல் இறங்கிய 'கார்ன்வாலிஸ்' கப்பலின் தளத்திலேதான் 1842இல் சீனாவுடன் நான்கிங் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. 1815இல் கட்டிய 'வெல்லெஸ்லி' 1940இல் தேம்ஸ் நதியில் ஜேர்மன் குண்டுக்கு இரையாகும்வரை நிலைத்திருந்தது.

'திருகோணமலை'யின் கதை இன்னும் சுவையானது. அதன் வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' கப்பலை 1812இல் பிரேசில் கரைக்கப்பால் அமெரிக்கர் பிடித்துவிட்டனர். வேறு பிரதிகள் வந்துசேரவேண்டியதாயிற்று. 1816இல் ஏரா எனப்படும் அடிமரம் இடப்பட்டபோது, பார்சி வழக்கப்படி ஜம்ஷெட்ஜி அதில் வெள்ளி ஆணி ஒன்றை அறைந்தார். 1817 ஒக்டோபர் 12ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கியது. 1782இல் திருகோணமலைக்கு அப்பால் நடந்த கடற்போரின் நினைவாகவே அதற்கு அப்பெயர் இடப்பட்டது.

1819இல் போர்ட்ஸ்மத் சேர்ந்த கப்பல் பல்லாண்டு வேலையின்றிக் கிடந்தது. 1840களில் பீரங்கிகள் குறைக்கப்பட்டுப் புதுக்கப்பெற்று, பசிபிக் கடலிலும் பணியாற்றியது. பின்னர் பெயர் மாறிப் பயிற்சிக் கப்பலாயிற்று. 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டுத் திருத்தப்பட்டபோது பழைய பெயரையும் மீளப் பெற்றது.

ஜம்ஷெட்ஜி 1821இல் இறந்தார். அந்தக் கப்பலின் நெடும் பயணத்தை அவர் காணவில்லை. அதில் ஆணை பிறப்பித்த தளபதிகளின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்? தேக்கு மரத்தைப் பொருத்திய கைகளின் வேலையோ இருநூறு ஆண்டுகள் கடந்தும் நீரில் நிற்கிறது.

வாசகரே, உங்கள் பிள்ளை ஒரு கைத்தொழிலைப் பழக விரும்பினால் முகம் சுளிக்காதீர்கள். அடிவேலையிலிருந்து முறையாகப் பழகட்டும் என்று வாழ்த்தி அனுப்புங்கள்.