எல்லாப்பிரகட சுப்பாராவ்

பீமாவரத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்த சுப்பாராவ் நம் சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்றவர். கதராடை பூண்டமையால் ஆசிரியரொருவரின் சினத்திற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார் என்பர். குடலைப் பற்றும் ஸ்ப்ரூ என்னும் கழிச்சல்நோய் இவர்தம் உடன்பிறந்தார் இருவரைச் சின்னாளிடையே கவர்ந்து சென்றது.

அமெரிக்கா சென்ற இவர், ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பாருடன் கூடி, பாஸ்பரஸை நீலநிறத்தின் செறிவுகொண்டு அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். அஃது இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது. ஆயினும் ஹார்வர்டு இவருக்கு நிலையான பதவி நல்கிற்றிலது! 1940-இல் லெடர்லி கம்பெனியை அடைந்தார். அங்கே இவர்தம் குழுவினர் போலிக் அமிலம் என்னும் வைட்டமினை 1945-இல் செயற்கையாக ஆக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு அது மருந்தாயிற்று.

பின்னர் அவ்வமிலத்தின் உருவொத்து உயிரணுவை ஏய்க்கும் பொருள்களையும் ஆக்கினர். அவற்றுள் ஒன்றாகிய அமினோப்டெரினால் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சிலர் சிலகாலம் நலம்பெற்றதை ஃபார்பர் 1948-இல் வெளியிட்டார். அதன் இனமான மெதோட்ரெக்சேட்டு, போலிக் அமிலம் சென்று பொருந்தும் புரதமொன்றை உயிரணுவினுள் இறுகப் பற்றுவது. பற்றிய மருந்தின் அளவைக்கொண்டே அப்புரதத்தின் அளவைப் பிற்காலத்தார் கணித்தனர். அதனைக் காண இவர் இலர். 1948 ஆகஸ்டில், 53 வயதில், மாரடைப்பாற் காலமானார்.