மூளைக்கு வழி காட்டிய மோனிஸ்

காஸ்டிங் உள்ளே ப்ளோ ஹோல் இருந்தால் வெளியே தெரியுமா நண்பர்களே? எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்கணும். மனிதத் தலையும் அப்படித்தான். ஆனால் சாதாரண எக்ஸ்ரேயில் மண்டை ஓடு விழும். மூளையின் ரத்தக் குழாய் விழாது. அதை விழ வைத்தவர் எகாஸ் மோனிஸ். அவரைப் பற்றி நான் படித்ததை இங்கே உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

1874-இல் போர்ச்சுக்கல் நாட்டின் அவான்கா கிராமத்தில் பிறந்தார். நரம்பு மருத்துவர். அரசியலிலும் இறங்கி 1918-இல் வெளியுறவு அமைச்சரானார். இளவயதிலேயே வந்த மூட்டுவாதம் கைகளை முடக்கியிருந்தது. கத்தி பிடிக்க முடியாது. அல்மெய்டா லிமா என்ற மருத்துவரின் கைகள்தான் அவருக்குக் கைகள்!

எக்ஸ்ரேயை மறைக்கும் கரைசலைக் கழுத்துத் தமனியில் செலுத்தினால் மூளைக் குழாய்கள் படத்தில் விழும் என்பது அவர் யோசனை. எடுத்த எடுப்பில் ஆளுக்குப் போடவில்லை. விலங்குகளிலும், இறந்தவர் தலைகளிலும் சோதித்தார். அப்படியும் ஸ்ட்ரான்சியம் புரோமைடு செலுத்திய ஒரு நோயாளி இறந்து போனார். அதைக் கைவிட்டு சோடியம் அயோடைடுக்கு மாறினார். 1927 ஜூன் 28-இல் லிஸ்பனில் படம் தெளிவாக விழுந்தது. அப்போது அவருக்கு வயது 52. அதுதான் ஆஞ்சியோகிராம்.

அதனால் இன்று என்ன பயன்? வயதானவர்கள் லேசாகத் தலையில் இடித்துக்கொண்டாலே சிலருக்கு மூளை உறைக்கு அடியில் ரத்தம் மெல்லக் கசியும். சில வாரம் கழித்துத் தலைவலி, தடுமாற்றம், மறதி வரும். ஓட்டில் துளை போட்டு ரத்தத்தை வடிப்பார்கள். ஆனாலும் சிலருக்குத் திரும்பவும் சேரும். காரணம், அதைச் சுற்றி வளரும் சவ்வுக்கு உறைத் தமனியிலிருந்து சப்ளை போய்க்கொண்டே இருப்பதுதான். இப்போது தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, ஆஞ்சியோகிராம் பார்த்தபடியே அந்தத் தமனியை அடைக்கிறார்கள். தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்காமல் வால்வை மூடுகிற மாதிரி! 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. கூடவே தமனியையும் அடைத்தவர்களில் 4 பேருக்குத்தான். ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தச் சிகிச்சையால் சிலருக்குப் பக்கவாதமும் வந்தது.

மோனிஸின் இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 1935 ஆகஸ்டில் லண்டன் மாநாட்டில் சிம்பன்சி மூளை ஆய்வு பற்றிக் கேட்டார். நவம்பரிலேயே மனநோயாளிகளின் மூளை நரம்பிழைகளைத் துண்டிக்கும் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். 20 பேரைச் சில மாதமே கவனித்துவிட்டு, வெற்றி என்று அறிவித்தார். உலகெங்கும் அது பரவி, பல்லாயிரம் பேரின் சுயத்தைப் பறித்தது. 1949-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்குத்தான், ஆஞ்சியோகிராமுக்கு அல்ல!

1955-இல் மறைந்தார். பரிசு வாங்கிய சிகிச்சையை உலகம் கைவிட்டுவிட்டது. பொறுமையாகச் சோதித்துக் கண்டது இன்னமும் உயிர் காக்கிறது. நாளை நாம் செய்யப்போகும் பாய்லரையும் பிரேக்கையும் நம்பி மனிதர்கள் இருப்பார்கள் நண்பர்களே. டெஸ்ட் பண்ணாமல் எதையும் கைமாற்ற வேண்டாம்.