பட்டறையிலிருந்து பாட்டுக்கு

பாப் மார்லி படம் போட்ட சட்டையை நம்ம பிள்ளைங்க பலர் ஆசையா போட்டுக்கிறாங்க. அவர் பட்ட பாடு எத்தனை பேருக்குத் தெரியும்?

1945 பிப்ரவரி 6-இல் ஜமாய்க்கா தீவின் நைன் மைல் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். தாய் செடெல்லாவுக்கு அப்போ 18 வயசு. வெள்ளைக்காரத் தகப்பன் கூட இருந்து வளர்க்கவில்லை. பாப்புக்குப் பத்து வயசானபோது இறந்தும் போனார். கலப்பில் பிறந்தவன் என்ற கேலி வேறு.

பிழைப்புக்காகத் தாயும் மகனும் கிங்ஸ்டன் நகரின் டிரென்ச் டவுன் என்ற ஏழைக் குடியிருப்புக்கு வந்தார்கள். தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்த நம்ம குடும்பங்களுக்கு அந்தத் திண்டாட்டம் புரியும். படிப்பைப் பாதியில் விட்டு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தார். இரும்புத் துகள் கண்ணில் தெறித்தது. அதோடு அந்த வேலையை விட்டுவிட்டு, பாட்டே கதி என்று இருந்தார்.

ஆசை மட்டும் போதுமா? அதே குடியிருப்பில் ஜோ ஹிக்ஸ் என்ற பாடகர், காசு வாங்காமல் பிள்ளைகளுக்குப் பாடக் கற்றுக்கொடுத்தார். அங்கே பழகிய நண்பர்களோடு 1963-இல் வெய்லர்ஸ் குழு உருவானது. பாட்டு பேர் வாங்கிய பிறகும் வயிறு நிறையவில்லை. அமெரிக்காவில் இருந்த தாயிடம் போய்த் தொழிற்சாலையில் உழைத்தார். பிறகுதான் உலகப் புகழ். 1981 மே 11-இல், 36 வயசில், புற்றுநோயால் மறைந்தார்.

லகாட்டிலும் மிருதங்கமோ தேவாரமோ கித்தாரோ தெரிந்த அண்ணன், அக்கா இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு மாலை, நாலு பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுங்கள். திறமை எந்த வீட்டிலும் பிறக்கும். அதைத் தூக்கிவிடத்தான் ஆள் வேணும்.