இரண வைத்தியர் இராமமூர்த்தி

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்கும் சென்னைப் பட்டணத்துக்கும் முன்னாளில் நீர்வழியே நல்வழியாக இருந்தது. பக்கிங்காம் கால்வாயில் ஓடமேறினால் பேசின் பிரிட்ஜ் அருகே கரையேறலாம். அங்கிருந்து சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரேயுள்ள பெரிய ஆஸ்பத்திரி அதிகத் தொலைவன்று. ஆயினும் 1950-க்கு முன்னர், படகில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்த வலைஞனொருவனை அங்கே கொண்டு சேர்த்தாலும், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் என்றே அமைந்த இரண சிகிச்சைப் பகுதி அவ்விடத்தில் இல்லை. அக்குறையை நீக்கியவர் டாக்டர் பா. இராமமூர்த்தி.

அவர் 1922-ஆம் ஆண்டில் சீகாழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்று, எடின்பரோவில் உயர்பட்டம் பெற்று, நியூகாசிலில் ரோபாதம் என்பாரிடம் பயின்றார். தலைக்காயங்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர் அவ்வாசிரியர். மாண்ட்ரியலில் பென்பீல்டின் வேலைமுறையையும் கண்டு, தாயகம் திரும்பிய இராமமூர்த்தி, 1950-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் இத்துறையைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இப்பணியைத் தொடங்கிவிட்டார். முதன்மை யாருக்கு என்று வழக்காடுதல் நமக்கு வேண்டுவதன்று. அவ்விருவரும், டாக்டர் நரசிம்மன், டாக்டர் பல்தேவ் சிங் ஆகியோரும் கூடி 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர்.

அந்நாளில் மூளைக்குள் கட்டி எங்கேயுள்ளது என்று அறிவதே பெரும்பாடு. மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படம் பிடிப்பர். அன்றிக் கழுத்து நாடியில் சாயமருந்தைச் செலுத்திக் குருதிக்குழாய்கள் விலகியிருக்கும் தன்மையை நோக்குவர். கட்டியை நேரே காணாமல், அது தள்ளியவற்றைக் கொண்டு அதன் இடத்தை ஊகிக்க வேண்டும். ஊகம் பிழைத்தால் உயிர் பிழையாது.

நம் நாட்டில் இன்னுமொரு சங்கடம் இருந்தது. மேனாட்டு நோயாளரிடம் அரிதாய்விட்ட காசநோய்க்கட்டி இங்கே மூளையில் மிகுதியாகக் காணப்பட்டது. அதை அறுத்தெடுத்தால் கிருமி பரவி மூளையுறை அழற்சி உண்டாகி நோயாளி மாள்வதுண்டு. ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-ல் வழக்குக்கு வந்த ஐசோனியாசிடும் அவ்வபாயத்தைத் தணித்தன. 1971-ல் லண்டனில் முதன்முதல் நோயாளிக்குப் பயன்பட்ட கணினிப் படக்கருவி பிற்காலத்தில் இங்கும் பரவியபின், அத்தகைய கட்டிகளுட் பல மருந்தினாலேயே கரைவதைக் கண்ணாரக் கண்டனர். கத்தியைக் கீழே வைப்பதும் இத்துறையின் முன்னேற்றமே என்று நாம் கருதுகிறோம்.

கத்தியை எடுத்திருக்கத்தான் வேண்டுமோ என்று ஐயுறத் தக்க இடமும் இவ்வரலாற்றில் உண்டு. தலையில் சட்டம் பூட்டி, அளந்து குறித்த புள்ளிக்கு நுண்ணூசியைச் செலுத்தும் முறையை இராமமூர்த்தியும், டாக்டர் பாலசுப்பிரமணியமும், ஆசியாவின் முதற் பெண் நரம்பறுவை வைத்தியர்களுள் ஒருவரான டாக்டர் டி. எஸ். கனகாவும் சென்னையில் வளர்த்தனர். கைந்நடுக்க நோயினர் அதனாற் பயனடைந்தனர். ஆனால் அதே ஊசியை, அடங்காத குழந்தைகளின் நடத்தையை மாற்றும்பொருட்டும் அவர்கள் செலுத்தினர். வேறு வழியறியாத பெற்றோரின் துயரைக் கண்டே அவ்வாறு செய்தனர் என்று கொள்ளலாம். எனினும், தன் சம்மதத்தைச் சொல்ல இயலாத குழந்தையின் மூளையில் ஒரு பகுதியை அழிப்பது தகுமோ என்ற வினாவுக்கு நம்மால் ஆம் என்று விடைகூற இயலவில்லை. உலகமும் பின்னர் அவ்வழியைப் பெரும்பாலும் கைவிட்டது.

டாக்டர் டாண்டனுடன் சேர்ந்து அவர் 1980-ல் வெளியிட்ட பாடநூல் இந்திய மாணாக்கருக்குப் பெருந்துணையாயிற்று. பட்டங்களையும் விருதுகளையும் இங்கே அடுக்கப் புகோம்.

தண்டுவடத்தின் செய்தி வேறு. முறிந்த எலும்பை நிலைநிறுத்தலாம். நெருக்கும் சில்லை அகற்றலாம். முற்றும் அறுந்த வடத்தைப் பழையபடி இயங்கச் செய்யும் வித்தை அவர் காலத்திலும் கைகூடவில்லை, இன்றும் கைகூடவில்லை. ஆதலால் குப்பத்தில் விழுந்தவனைத் தூளி கட்டித் தூக்குவதா, பலகையில் அசையாமற் கிடத்துவதா என்பதிலேயே, அவன் மீண்டும் இடுப்பளவு நீரில் நின்று வலையிழுப்பானா என்பது பல வேளைகளில் முடிந்துபோகிறது. வைத்தியர் முகத்தை அவன் காண்பது அதன் பின்னரே.

அரசாங்கப் பணியினின்று ஓய்வுபெற்ற பின்னும் அவர் ஓய்ந்தாரில்லை. அடையாற்றுப் பக்கத்துத் தன்னார்வச் சுகாதார மருத்துவமனையில் மற்றுமொரு நரம்பறுவை நிலையத்தை உருவாக்கி, முதுமையிலும் அங்கே பணிசெய்து, 2003-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் காலமானார்.